கிடங்கின் தரை வாய் திறந்த நாள்

பார்ன்ஸ்லி,
வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? எஃகு ஆலை மூடியதிலிருந்து நீங்கள் வாசலைத் தாண்டுவதே இல்லையென்று அம்மா சொன்னார். கொஞ்சமாவது நடங்கள்.

செய்தியில் எங்கள் கிடங்கின் பெயர் வந்தால் பயப்படாதீர்கள். மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின்மேல் கட்டிய கிடங்கு இது. செவ்வாயன்று தரை கொஞ்சம் உள்வாங்கியது. நான் ஓட்டிய, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் பின்சக்கரங்கள் பள்ளத்தில் தொங்கின. அவ்வளவுதான்.

எங்கள் மேற்பார்வையாளர் ரே ஹாப்சன் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வயிற்றால் ஊர்ந்து என்னிடம் வந்தார்.

“அசையாதே, கண்ணு. மூச்சக்கூட மெதுவா விடு.”

“காலைல ரெண்டாவது ரொட்டியத் தின்னிருக்கக் கூடாது, ரே.”

“வாய மூடிட்டுக் கைய நீட்டு, டெனீஸ்!”

என்னை அவர் இழுத்துப் போட்டதும் வண்டி சரிந்தது. அது அடியில் விழுந்த சத்தம் கேட்க நெடுநேரம் ஆனது. ரே அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

“சுரங்கத்த மூடிட்டோம்னு நெனச்சோம். இன்னும் பசி தீரல அதுக்கு,” என்றார்.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. திங்களன்று வேலைக்குப் போகிறேன், வேறு பகுதியில். என் பழைய பூட்ஸை அனுப்புங்கள். புதியதில் ஒன்று வண்டியோடு போய்விட்டது. அம்மாவின் கம்பளிப் போர்வையையும் வையுங்கள். குளிருக்காக இல்லை, சும்மாதான்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன். ஞாயிறன்று நான் போன் செய்தால் உடனே வைத்துவிடாதீர்கள், அப்பா. பேச ஒன்றுமில்லாவிட்டால் இருமிக்கொண்டாவது இருங்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் மகள்
டெனீஸ்