நீல டேப் சுற்றிய ஜாயிண்ட்

அன்புள்ள மகன் முத்துச்செல்வத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், கறவை மாடு சுகம், டிராக்டரும் போன செவ்வாய்க்கிழமையிலிருந்து சுகம். அங்கே குளிரில் நீயும் மருமகள் சரண்யாதேவியும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் இருக்க செந்தூர் முருகன் துணையிருக்கட்டும். என் சுகத்தை மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கையில் போன் இருக்கும்போது அப்பா எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் புகுந்துவிடுவாய், மீட்டிங் என்பாய், நான் சொல்றத மொதல்ல கேளுங்க என்பாய். பேப்பரில் அது நடக்காது. கடைசி வரி வரைக்கும் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

உனக்குத் தெரிந்ததை முதலில் எழுதுகிறேன், தெரியாதது பின்னால் வருகிறது. நம் பழைய டிராக்டர் இந்த வருஷம் பிசான நெல் அறுப்பு முடிந்து வழக்கம்போல ஆலந்தலைக் கடற்கரைக்கு வள்ளங்களைக் கரைக்கு இழுக்கப் போனதிலிருந்து பேட்டரியைப் பாடாய்ப் படுத்தியது. தண்ணீர் ஊற்றி நாலு நாள் ஆகாது, மூடியைத் திறந்தால் உள்ளே தட்டு தெரியும். வண்டியை நிறுத்தினால் பேட்டரிக்குள் கொதிக்கிற சத்தம், மூக்கை அரிக்கிற ஆசிட் வாடை. ஹெட்லைட் பல்பு மாட்ட மாட்டப் போய்க்கொண்டே இருந்தது. டிரைவர் தேவபிரசாதத்தின் சட்டையெல்லாம் ஆசிட் தெறித்துப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. அவன்தான் முதலில் சொன்னான், அண்ணாச்சி, சார்ஜ் அளவுக்கு மேல ஏறுது, சாவிக்குக் கீழ தம்பி லைட்டுக்கு வயர் எடுத்த எடத்தப் பிரிச்சுப் பாப்பமா என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஏலே, அது என்ஜினியர் மவன் போட்டது, துறைமுகத்துல கிரேனுக்கே கரண்டு குடுக்கவன் போட்டது, அதுல நீ கைய வச்சிராத என்றேன். அவன் சரி அண்ணாச்சி என்று போய்விட்டான். இருபத்திரண்டு வருஷம் நம் வண்டி ஓட்டியவனிடம் நான் பேசின பேச்சு இது.

அப்புறம் பங்குனியில் ஒரு நாள் மத்தியானம். வள்ளங்கள் கரையேறி, மீனெல்லாம் ஏலக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வள்ளத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரி புகைய ஆரம்பித்தது. நான்தான் உனக்கு வீடியோ கால் போட்டேன். அலைச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன், அது பொய். என் பிள்ளை ரோட்டர்டாமிலிருந்து பேசுகிறான், இத்தனை பேரும் கேட்கட்டும் என்றுதான் போட்டேன். இருபது பேராவது கூடி நின்றார்கள். நீ பேட்டரியைக் காட்டச் சொன்னாய், காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்திருப்பாயா? உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாய். இதுல போர்வெல் தண்ணிய ஊத்தியிருக்காங்க, டிஸ்டில் வாட்டர் கேன அந்த ஆளு வெளிய வித்துட்டு உப்புத் தண்ணிய ஊத்துதாரு, இனிமே அவர நம்பி வண்டியக் குடுக்காதீங்க என்று. அந்த ஆளு! ஒரு மீட்டர் வைத்து அளக்கச் சொன்னாயா? எத்தனை வோல்ட் ஏறுகிறது என்று கேட்டாயா? கிரேன் பழுதானால் இப்படித்தான் படத்தைப் பார்த்துச் சொல்வாயா? தேவபிரசாதம் உன் முகத்தையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. சாவியைக் கைலியில் துடைத்து மட்கார்டு மேல் வைத்தான், மணலில் நடந்து போய்விட்டான். நான் கூப்பிடவில்லை. என் பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நின்றேன் பார், அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேட்டரித் தண்ணீர் திருடினவன் என்ற பெயர் அந்தக் கரையில் ஒட்டிக்கொண்டது. அங்கே வேறு யாரும் அவனை வண்டிக்குக் கூப்பிடவில்லை. ஐம்பது வயசுக்கு மேல் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் மூட்டை ஏற்றப் போகிறான், காலையில் முதல் பஸ்ஸில் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறான். இங்கே வேறு டிரைவர் வைத்தேன், நானே கூட நின்று டிஸ்டில் வாட்டர் ஊற்றினேன். புதுப் பேட்டரி ஒன்றரை மாதத்தில் வயிறு ஊதி நின்றது. உன்னிடம் கேட்டேன், அப்ப ரெகுலேட்டர மாத்துங்க என்றாய். மாற்றினேன். பிறகு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரையே மாத்துங்க என்றாய். அதையும் மாற்றினேன். கொதிப்பு நிற்கவில்லை. தேவபிரசாதம் தண்ணீர் ஊற்றாத பேட்டரியும் கொதிக்கிறதே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது, ஆனால் ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை குரும்பூரிலிருந்து எலெக்ட்ரீஷியன் கிருபாகரன் வந்தான். சின்னப் பையில் ஒரு மீட்டர், ஒரு முழ வயர், வேறொன்றும் இல்லை. வண்டியை ஓடவிட்டு பேட்டரியில் வைத்துப் பார்த்தான், பதினாறரை வோல்ட் காட்டியது. பதினாலு சொச்சத்தில் நிற்க வேண்டுமாம். பிறகு சார்ஜை அளவோடு நிறுத்துகிற ரெகுலேட்டருக்குப் போகிற சின்ன வயரில் வைத்தான், அதில் பதிமூன்றுதான். என்னைப் பார்த்துச் சிரித்தான். அண்ணாச்சி, ஆல்டர்னேட்டர் மேல தப்பே இல்ல, பேட்டரி நெறஞ்சிட்டுன்னு போய்ச் சொல்ல வேண்டிய வயரு இன்னும் பசிக்கி பசிக்கின்னு சொல்லிக்கிட்டு இருக்கு, அது பாவம் ஊட்டிக்கிட்டே இருக்கு என்றான். தன் வயரை எடுத்துப் பேட்டரியிலிருந்து நேராக ரெகுலேட்டருக்குப் பிடித்தான். மீட்டர் இறங்கிப் பதினாலேகாலில் வந்து நின்றது. கொதிப்பு அடங்கியது. இத்தனை மாதம் பட்ட பாட்டுக்கு ஒரு முழ வயர். பிறகு பழைய வயரைத் தடவிக்கொண்டே போனான், சாவிக்குக் கீழே நீ லைட்டுக்கு வயர் எடுத்த, நீல டேப் சுற்றிய ஜாயிண்டில் போய் அவன் கை நின்றது. பிரித்தால் உள்ளே செம்பு பச்சைப் பூசணமாக இருக்கிறது. ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை, வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது, கடல் தண்ணீர் தெறித்துத் தெறித்து உள்ளே போய் அரித்துவிட்டது. எந்தக் கிறுக்கன் இதப் போட்டது என்று கேட்டான் கிருபாகரன். நான் அந்த ஜாயிண்டை வயரோடு வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள், தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அந்த லைட்டை நீ எதற்குப் போட்டாய் என்று நினைவிருக்கிறதா? மார்கழி வெள்ளத்தில் நம் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அம்மா முட்டி ஆபரேஷன் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, மாடிப்படி ஏற முடியாமல் கட்டில் மேல் மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மழை பகலையே இருட்டாக்கி வைத்திருந்தது. தேவபிரசாதம் தன் வீட்டை அப்படியே விட்டுவிட்டு, பெரிய டயர் பாதி மூழ்குகிற தண்ணீரில், மங்கின ஹெட்லைட்டோடு வண்டியைக் கொண்டுவந்து அவளைத் தூக்கி டிரெய்லரில் வைத்துக் கொண்டுபோனான். அந்தப் பொங்கலுக்கு நீ வந்தாய். இனிமே அண்ணாச்சி இருட்டுல கஷ்டப்படக் கூடாது என்று நீயே உட்கார்ந்து அந்த எல்இடி லைட்டைப் போட்டாய். அன்றைக்கு அவன் உனக்கு அண்ணாச்சி. அவனுக்காகப் போட்ட லைட்டின் ஜாயிண்டுதான் அவன் பெயரைக் கெடுத்தது.

மறுநாளே சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி கிருபை நாற்காலி போட்டாள், தண்ணீர் தந்தாள், உள்ளே போய்விட்டாள். அவன் உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தான், குதிகாலெல்லாம் வெடித்துக் கிடந்தது. வயரைக் காட்டினேன். கையில்கூட வாங்கவில்லை, தெரியும் அண்ணாச்சி என்றான். தெரிஞ்சும் ஏம்ல அன்னைக்குச் சொல்லல என்று கேட்டேன். நீங்கதான கை வைக்காதன்னீங்க, பெறவு அத்தன பேரு முன்னால தம்பி சொல்லுதான், நான் அந்த எடத்துல ஒங்க ஜாயிண்டுதான் தப்புன்னா தம்பி மூஞ்சி என்னாவும் என்றான். கேட்டாயா? உன் மூஞ்சிக்காக அவன் தன் மூஞ்சியைக் கொடுத்தான். வேலைக்கு வா என்று கூப்பிட்டேன். கள்ளன்ங்கிற பேரோட அந்தக் கரையில வண்டி ஓட்ட முடியாது அண்ணாச்சி, என்னய விட்ருங்க என்றான். கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தான், தம்பி நல்லாருக்கானா, பிள்ளை நடக்குதா என்று கேட்டான். அதற்குப் பதிலாக அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், எனக்கு வீடு வந்து சேர்வது லேசாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆலந்தலையில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். சர்ச்சில் பூசை முடிந்து ஆண்கள் எல்லாரும் ஏலக்கூடத்தில்தான் இருப்பார்கள். முந்தாநாள் அங்கே போனேன். வயரைக் கையில் பிடித்துக்கொண்டு, தேவபிரசாதம் மேல் தப்பில்லை, தப்பு என் வீட்டுத் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ஆனால் வள்ளக்காரர் ஒருவர் சொன்னார், நீங்க நல்ல மனசுக்காரரு அண்ணாச்சி, ஆளு வேணும்னு இப்படிச் சொல்லுதீக, அன்னைக்குக் கள்ளன்னு சொன்னது ஒங்க மகன் குரல்லா என்று. என் சொல் அங்கே எடுபடவில்லை. இத்தனை நாள் என் பிள்ளை சொல்லுக்கு மேல் சொல் இல்லை என்று அந்தக் கரையில் தம்பட்டம் அடித்தவன் நான்தானே.

அதனால் நீதான் சொல்ல வேண்டும். இதை ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன், பத்துப் பன்னிரண்டு நாளில் வந்துவிடும் என்கிறார்கள். உன் கைக்கு வந்ததும் அடுத்து வருகிற ஞாயிறு, நம் நேரம் காலை பத்து மணிக்கு என் போனுக்குக் கூப்பிடு. அங்கே உனக்கு விடிந்திருக்காது, பரவாயில்லை, எழுந்திரு. கடிதம் என்றைக்கு வரும் என்று எனக்குத் தெரியாததால் ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்கு ஏலக்கூடத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். ஸ்பீக்கரில்தான் போடுவேன், இந்தத் தடவை அலைச் சத்தம் என்று பொய் சொல்லமாட்டேன். வியாக்கியானம் வேண்டாம், வோல்டேஜ் கணக்கு வேண்டாம். நான் போட்ட ஜாயிண்டு, நான் அளக்காமச் சொன்னேன், அண்ணாச்சி கள்ளன் இல்ல, இவ்வளவு போதும்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீர்ந்த மாதிரி எழுதவும் வரவில்லை. என்றாலும் பெற்றவன் வாயிலிருந்து ஆசீர்வாதம் அல்லாமல் வேறு வரக் கூடாது. தொழிலும் குடும்பமும் தழைத்து, நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்கிற வாழ்வு உனக்கு அமையட்டும். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடச் சொல், இங்கிருந்து அனுப்பின சுக்குப்பொடி தீர்ந்தால் அம்மாவிடம் சொல். கவரில் அந்த ஜாயிண்டை வெட்டி வைத்திருக்கிறேன், டேப்பும் அப்படியே இருக்கிறது, உன் வேலை மேசையில் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் தேவபிரசாதத்தைத் தனியாக ஒரு தடவை கூப்பிட்டுவிடு, மறக்காதே. நம்பர் இல்லை என்று சொல்லிவிடாதே. வெள்ளத்தன்று, அண்ணாச்சி எங்கம்மாவக் கொண்டாந்துருங்க என்று பதினேழு தடவை கூப்பிட்டாயே, அதே நம்பர்தான். அவன் அதை மாற்றவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
பேச்சிமுத்து