உறையாத ரத்தம்

மார்ச் 4, செவ்வாய்
கண்ணாடி அறையில் மூன்றாம் நாள். ரத்தக்கசிவுக் காய்ச்சல்தான் என்று உறுதியாகிவிட்டது. பதினோரு வருடம் பரிசோதனைக் கூடத்தில் ஊரார் ரத்தத்தைப் பார்த்தவள் நான். இப்போது என்னுடையது அங்கே போகிறது. இந்த நோட்டு வெளியே போகாது, தொற்று என்று எரித்துவிடுவார்கள். நல்லதுதான், யாரை வேண்டுமானாலும் திட்டலாம்.

மார்ச் 5
ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு முப்பத்தெட்டாயிரம், ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். கிரியாட்டினின் 2.1, ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது; சிறுநீரகம் திணறுகிறது. மூன்றைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள்? வேண்டாம்.

பக்கத்துக் கட்டில் தையல்காரக்கா, "நீ லேப்காரிதானே, எனக்கு எப்படி இருக்குன்னு சொல்லேன்" என்றாள். "என்னைவிடத் தேவலக்கா" என்றேன். உண்மைதான்.

மார்ச் 6
கணவர் கண்ணாடிக்கு வெளியே நின்று போனில் பேசினார். "பாப்பா உன்னைக் கேட்டுட்டே இருக்கா." நடுவில் இரண்டடிதான். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே கிடையாது.

மார்ச் 7
ரிப்போர்ட் வரவில்லை. "சாம்பிள் உறைஞ்சு போச்சாம்மா, மறுபடி எடுக்கணும்" என்றார் டாக்டரம்மா. அடப்பாவிகளா! அது எங்கள் கூடத்து வித்தை. முடிவு படுமோசமாக வந்தால் அப்படித்தான் எழுதி அனுப்புவோம். மறுபடி சோதிக்க அரை நாள் கிடைக்கும். எத்தனை பேருக்கு நானே எழுதியிருக்கிறேன்! என் ரத்தமா உறையும்? காலையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு இன்னும் நனைந்துகொண்டிருக்கிறது. பொய் சொல்வதற்காவது யோசிக்க வேண்டாமா?

பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

மார்ச் 8
ரிப்போர்ட்டைச் சண்டை போட்டு வாங்கினேன். கிரியாட்டினின் 3.4.

மார்ச் 10
சிறுநீர் இல்லை. பாப்பாவுக்கு

மார்ச் 13
எழுத முடிகிறது. 2.6. ஒன்றுக்குப் போனேன், நர்ஸ் அளந்து பார்த்துக் கைதட்டினாள்.

மார்ச் 19
இரண்டாவது சோதனையிலும் கிருமி இல்லை. நாளை போகலாம்.
தையல்காரக்காவுக்கு 4.8. கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்க அவளுக்கு யாருமில்லை.

மார்ச் 20
கதவைத் திறந்துவிட்டார்கள். "பிழைச்சவளுக்கு இது மறுபடி தொத்தாது, இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தார். கணவருக்குப் போன் போட்டேன். "இன்னிக்கு அக்காகூட இருந்துட்டு வரேன்" என்றேன். "பாப்பாகிட்ட நாளைக்குன்னு சொல்லிடறேன்" என்றார்.

உள்ளே திரும்பிப் போய் அக்காவின் கையைப் பிடித்தேன். இத்தனை நாளில் கையுறை இல்லாத கை அவளைத் தொடுவது இதுதான் முதல்முறை.

"யாரு?" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"லேப்காரி."

"நீ கிளம்பலயா? என் ரிப்போர்ட் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா." எண்ணைச் சொன்னேன். அதற்கு என்ன பொருள் என்பதையும் சொன்னேன்.

"சரி," என்றாள். "கைய எடுத்துடாத."