ஆலந்துறைக்கு நூறு வேல் கொடுத்தது

மங்கலம் பெருகுக. வெண்கோட்டு நாட்டு அரியணைக்கு அரணாகவும் அரசர் பெருமானின் திருச்செவிக்கு அணுக்கராகவும் விளங்கும் பேரமைச்சர் நல்லாவூர்க்கிழார் திருமுன்பு, மேலை எல்லைக் கோட்டைத் தண்டநாயகர் ஏனாதி கொற்றங்குமரர் பணிந்து விடுக்கும் ஓலை. தலைநகரில் மழை பொழிக, குடி தழைக்க, உறக்கம் இனிதாகுக. எல்லையில் இம்மூன்றும் இல்லை.

சென்ற வளர்பிறை எட்டாம் நாள், முகத்தில் கரி பூசித் திரியும் கொலைக்கூட்டமான கரிமுகத்தார் மருதங்குறிச்சித் தண்ணீர்ப்பந்தலை உள்ளிருந்த பதினேழு பேரோடு கொளுத்தினர். ஒரு செப்புக் குடத்தைக்கூட அவர்கள் கவரவில்லை. நக்கண்ணி என்னும் குயத்தியை மட்டும் உயிரோடு விட்டு, பங்குனித் திருநாள் கூட்டத்தையும் இவ்வாறே எரிப்போம் என்றும், தாங்கள் தங்குமிடம் தண்டநாயகர் அறிந்ததே, இயன்றால் வரட்டும் என்றும் சொல்லி அனுப்பினர். அவள் தண்டநாயகர் முன் நின்று, தங்களுக்கு அரசர் உண்டா இல்லையா என்று கேட்டாள்.

முதுபாலையைத் தேடுக என மூன்றாம் முறையும் திருவாணை வந்துள்ளது. கொற்றவன் இல்லா நிலத்தில்தான் கொடியவர் ஒளிவர் என்று அவையோர் உரைத்தனராம். இருமுறை தேடியதில் கிடைத்தவை நரி வளைகளும், வீரர்களுக்கு வயிற்றுக்கடுப்பும். அங்கே குடிக்க நீரில்லை. ஒருவன் கூடாரமடித்தால் மற்றொருவன் அதைப் பறிப்பான். இது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை. கொடியவனுக்கும் அரிசிக்கடை வேண்டும், கொல்லன் வேண்டும், புண்ணுக்கு மருத்துவன் வேண்டும். இவையெல்லாம் இருந்து, அவனைப் பிடிக்கும் வலிமை மட்டும் இல்லாத ஓர் அரசும் வேண்டும்.

அத்தகைய அரசு ஆலந்துறை. எல்லைக்கல் வரை துரத்தும் நம் வீரர்கள், மரபுப்படி அங்கே குதிரைகளைக் கட்டிவிட்டு, அனுமதி கேட்டு ஓலை அனுப்புகின்றனர். சென்றமுறை ஒன்பதாம் நாள் அனுமதி வந்தது. கூடவே ஒரு குடம் தேனும் வந்தது. மரபை மீறி ஆறாண்டுக்கு முன் உட்புகுந்து ஓர் ஊரை எரித்தோம். வீடிழந்த இளைஞர் நாற்பதின்மர் கரி பூசிக்கொண்டதே கண்ட பயன்.

ஆலந்துறை அரசர் பெருஞ்சாத்தரைத் தண்டநாயகர் நேரில் கண்டு கடிந்துகொண்டார். தமக்குள்ள வேல்வீரர் அறுபதின்மரில் இருபதின்மர் பல்லக்குச் சுமப்பவர் என்றும், கரிமுகத்தாரைத் தொட்டால் தம் அரண்மனையே எரியுமென்றும், கையைக் கட்டியவரே கள்ளனைப் பிடி என்பது எந்த ஊர் நியாயம் என்றும் அவர் வினவினார். அறுபதுக்கு மேல் வீரர் வைத்தல் ஆகாது என்பது நாம் வென்றபோது விதித்த உடன்படிக்கை. அண்டை நாடு மெலிந்தால் நமக்கு அச்சமில்லை என்று அவ்விதியை அன்று ஆர்ப்பரித்துச் சொன்னவர் இதே கொற்றங்குமரர்தான். அந்த மடமையை அவர் வேறெவர் தலையிலும் கட்டவில்லை.

அவ்விதியை நீக்குக என அவர் விடுத்த ஓலைகள் நான்கு. வந்த மறுமொழி, முதுபாலையைத் தேடுக என்பதே. திருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் உண்டு. திருநாள் சந்தைக்கு வருவோர் நாலாயிரவர். ஆகவே தண்டநாயகர் நேற்று நம் கோட்டைப் படைக்கொட்டிலிலிருந்து நூறு வேல்களை எடுத்துப் பெருஞ்சாத்தரிடம் கொடுத்தார். ஏந்துவதற்கு ஆலந்துறை உழவரே முன்வந்தனர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கரிமுகத்தார் இழுத்துச் சென்றிருக்கின்றனர்.

பேரமைச்சர் திருவுளம் கனிந்து விதியை நீக்கினால் நாடு பிழைக்கும். நீக்காவிடினும் வேல்களைத் திரும்பப் பெறுவதற்கில்லை. ஆலந்துறைக்குப் படைக்கலம் தந்தவன் வலக்கை இழப்பான் என்று உடன்படிக்கையின் கடைசி வரி கூறுவதைத் தண்டநாயகர் மறக்கவில்லை.

இவை தண்டநாயகர் சொல்ல, ஓலை எழுதும் மாதேவன் எழுத்து. முத்திரை கோணலாக விழுந்ததைப் பொறுத்தருள்க. தண்டநாயகர் இடக்கையால் இடப் பழகுகிறார்.