ஜாம்பியாவுக்கு மட்டும் கழிக்கவில்லை

17-8-82, செவ்வாய்

காலையில் தூறல். மலை உச்சி தெரியவில்லை.

உறுதியானது: மலாவியைவிட ஜாம்பியாவில் ஆண் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அதிகம்தான். ஆனால் போன மாதக் கட்டுரையில் நான் எழுதிய அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆதாரம்: ஐ.நா. ஆண்டு நூல், சென்னை நூலகப் பிரதி. பார்த்து எழுதி அனுப்பியவர் எங்கள் பத்திரிகையில் பிழை திருத்தும் ரங்கன். இன்லேண்ட் லெட்டர், காலைத் தபால்.

அந்த நூலில் ஆண்களுக்குத் தனி எண் கிடையாதாம். மொத்தம் ஒன்று, அதில் பெண்கள் எத்தனை என்று ஒன்று. நாமே கழித்துக்கொள்ள வேண்டும். கட்டுரைக்காகக் கோதண்டம் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து ஒத்துப் பார்த்தேன். மலாவிக்குக் கழித்திருக்கிறார். ஜாம்பியாவுக்கு மொத்தத்தையே ஆண்கள் என்று போட்டிருக்கிறார்.

கோ. கணக்கு வாத்தியார். ஜாம்பியாவில் நாலு வருஷம் இருந்து திரும்பியவர். இருபது வருடப் பழக்கம். நூலைக் கண்ணால் பார்க்காமல் நான் எந்த எண்ணும் எழுதியதில்லை. இதை மட்டும் அவர் கையெழுத்து என்பதால் எழுதினேன்.

திருத்தம் எழுதித் தபாலில் சேர்த்தாயிற்று. குடைக்கம்பி உடைந்தது.

18-8, புதன்

வெயில். செங்கம் ரோடு டீக்கடையில் கோ.விடம் கேட்டேன்.

"வாத்தியாரே, ஜாம்பியாவுக்கு மட்டும் கழிக்காம விட்டுட்டீங்களே?"

"கண்ணு செரியா தெரியலை சார். வயசாவுதில்ல. கொஞ்சம் ஜாஸ்தி, கொஞ்சம் கம்மி. அங்க போயி யாரு எண்ணப் போறாங்க?"

கடைக்காரர்: "பசங்க இப்படிப் போட்டா பிரம்பெடுப்பாரு. தனக்குன்னா கண்ணு தெரியலையாம்."

மூவரும் சிரித்தோம். மனம் லேசாகிவிட்டது. வயது எனக்கும்தான் ஆகிறது.

சாயங்காலம் தம்பி முருகேசன் வந்தான். அடி அண்ணாமலை ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர். சட்டைப்பையில் என் கட்டுரை, நாலாக மடித்து.

"ராஜினாமா குடுத்துட்டேண்ணா. திங்கக்கெழமையே."

"யாரைக் கேட்டுடா குடுத்த?"

"மலாவில ஆம்பள வாத்தியாருங்களே பத்தலைன்னு நீதான எழுதின. இங்க வேலையில இருந்தா அவங்க எடுக்க மாட்டாங்களாம். விட்டுட்டு எழுதிப்போடுன்னு கோதண்டம் சார்தான் சொன்னாரு. ஒங்கிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்னாரு."

அவன் மனைவிக்கு இன்னும் தெரியாது.

19-8, வியாழன்

மூட்டம். தம்பியுடன் ஒன்றிய அலுவலகம். ராஜினாமாவைத் திரும்பப் பெற மனு. அதிகாரி வேலூரில் மீட்டிங். ராஜினாமாவில் அவர் கையெழுத்து இன்னும் ஆகவில்லை.

குமாஸ்தா முதலில் மனுவை வாங்கவே தயங்கினார்.

"அந்த ஸ்கூலுக்கு ஏற்கெனவே ஒரு மனு இருக்குதுங்க சார். கோதண்டம் வாத்தியார் மவன் ரவி, ஜவ்வாது மலை ஸ்கூல்ல இருக்காரே, அவருது. மாறுதல் கேட்டு."

"எப்ப வந்தது?"

"போன மாசமேங்க. நீங்களே பாருங்க."

பார்த்தேன். 'அடி அண்ணாமலைப் பள்ளியில் காலியிடம் ஏற்படும்போது' என்று இருக்கிறது. தேதி: என் கட்டுரை வெளிவந்ததற்கு ஒரு வாரம் முன்பு. கோ. அந்தத் தாளை எனக்குக் கொடுத்த அதே நாள். அப்போது அங்கே காலியிடம் எதுவும் இல்லை.

கீழே கையெழுத்து மட்டும் ரவியுடையது. மனு முழுவதும் கோ.வின் எழுத்து. பொடி எழுத்து. ஒரு வரிகூடக் கோணவில்லை.

தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "என்னாண்ணா சொன்னாங்க?" என்றான். திங்கள் வரச் சொன்னார்கள் என்றேன்.

டீக்கடைக்குப் போகவில்லை. ஏன் என்று வீட்டில் மனைவி கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

நிலுவை:

திருத்தம். ஞாயிறு இதழில் வரலாம்.

தம்பியின் மனு. அதிகாரி திங்கள் காலை பத்தரைக்கு வருகிறார். ரவியின் மனுவும் அதே காகிதக் கட்டுக்குள்தான். எதை முதலில் எடுத்து வைப்பார் என்று குமாஸ்தா சொல்லவில்லை.