பாலத்தடியில் ரோஸ் இறகு

மார்ச் 16, ஞாயிறு

காலையில் மொரப்பூர் ரயில் பாலத்துக்குப் போய் வல்லூறுகளைப் பார்த்தேன். தூண் உச்சியில் இரண்டு குஞ்சுகள். தாய் இரையைக் கிழித்து ஊட்டியது. நான் கைதட்டாத குறைதான்.

அப்போது என் காலடியில் ஓர் இறகு விழுந்தது. ரோஸ் நிறம். தூக்கிவாரிப் போட்டது. புறா வாலுக்கு ரோஸ் சாயம் பூசுகிறவர் இந்த ஊரிலேயே ஒருவர்தான், என் வீட்டுக்காரர்.

இறகைப் பையில் ஒளித்துக்கொண்டு வந்தேன். அவர் மொட்டை மாடிக் கூண்டின் முன் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கொறையுதுங்களா?" என்றேன், ஒன்றும் தெரியாதவள்போல.

"ஆமா. அந்தப் பாலத்து வல்லூறு வேலைதான்."

கல்லெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாரோ என்று பயம். "பாவங்க அது. ரெண்டு குஞ்சு வெச்சிருக்குது" என்று உளறிவிட்டேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புறாக்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ரெண்டில்ல, மூணு. சின்னது பின்னால பதுங்கியிருக்கும். சாயங்கால வெயில்லதான் தெரியும்."

புறாவுக்குக் கம்பு வாங்கப் போகிறேன் என்று மனுஷன் தினமும் சாயங்காலம் கிளம்புவது அங்கேதானா!