வலியில்லாத நாளின் ரத்தக்குழாய்

மார்ச் 4

என்னவருக்கு,

அக்கா வீட்டில் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன் திரையைப் பார்த்தாலே கண் குத்துகிறது, அதனால்தான் கடிதம். இதில் திட்டினால் நீங்கள் உடனே திருப்பித் திட்டவும் முடியாது.

ஒற்றைத் தலைவலிக்காரர்களின் மூளை ரத்தக்குழாய் எப்படி வேலை செய்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்கிறார்கள். நெற்றிப்பொட்டில் கருவியை வைத்து மூச்சை அடக்கச் சொல்வார்களாம். அப்போது குழாய் விரிந்து ரத்தம் வேகமாக ஓட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கத் தலைவலியே வராத ஒருவரும் வேண்டும். உங்களை விட்டால் யார்?

சோதனைக்கு முந்தைய நாட்களில் எனக்கு வலி வரக்கூடாது. அதுவரை வீட்டுக்குக் கீழே இருக்கும் உங்கள் வெல்டிங் பட்டறையை மூடிவைத்தால் வீட்டுக்கு வருகிறேன். சோதனையில் ஏதாவது கோளாறு தெரிந்தால், நான் சாக்குச் சொல்லவில்லை என்றாவது ஆகும்.

இப்படிக்கு,
உங்கள் தலைவலி

மார்ச் 19

என் மகாராணிக்கு,

நீ திரும்பிப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. பட்டறை மூடியிருந்த நாட்களில் நீ சமையலறையில் பாடியது இன்னும் காதில் இருக்கிறது.

ரிப்போர்ட் வந்துவிட்டது, நகல் அனுப்பியிருக்கிறேன். மூச்சை அடக்கியபோது உன் குழாயும் என் குழாயும் ஒரே அளவு விரிந்திருக்கின்றன. "ரெண்டு பேருக்கும் வித்தியாசமே இல்லீங்க" என்று டாக்டரே சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். உனக்கு ஒன்றுமே இல்லை! வேலை குவிந்து கிடக்கிறது, நாளை பட்டறையைத் திறக்கிறேன். நீ பெட்டியைக் கட்டு.

உன் வெல்டர்

மார்ச் 26

என்னவருக்கு,

இருட்டில் எழுதுகிறேன், வரி கோணினால் மன்னியுங்கள். ரிப்போர்ட்டை அக்கா படித்துக் காட்டினாள். நான் அழுதேன். ஏதாவது கெட்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். யாராவது இப்படி வேண்டுவார்களா?

சோதனை அன்றே டாக்டர் சொன்னாரே, நீங்கள்தான் காதில் வாங்கவில்லை. "இது வலியில்லாத நாளோட ரத்தக்குழாய்ம்மா. வலி வர்ற அன்னிக்கு உள்ள என்ன நடக்குதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல."

இத்தனை வருஷம் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தவளை நம்பவில்லை, ஒரு தாளை நம்பிவிட்டீர்கள். போகட்டும், வருகிறேன். அக்காவுக்கும் எத்தனை நாள்தான் பாரமாக இருப்பது? நான் சுருண்டு கிடக்கும்போது "ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் மனைவி

ஏப்ரல் 2

கண்ணம்மா,

உன் கடிதத்தைப் படித்ததும் மாடி அறை ஜன்னலுக்குத் தகரம் அடித்தேன். பட்டறை ஆளைக் கீழே வேலை செய்யச் சொல்லிவிட்டு உன் கட்டிலில் படுத்தேன். தகரத்தின் ஓரத்தில் வெல்டிங் வெளிச்சம் வெட்டியது. இரும்பு அறுக்கும்போது கட்டிலே அதிர்ந்தது. தலைவலியே வராத ஆள் நான், என்னால் இருக்க முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன். நீ எங்கே எழுந்து போவாய்?

டாக்டரிடம் போய் வழி கேட்டேன், அவரும் கையை விரித்தார். பட்டறைக்கு வேறு இடம் தேடினேன், வாடகை கட்டுப்படியாகாது. மூடினால் அடுப்பு எரியாது. உன்னை நம்புகிறேன். நம்பி என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நீ வராதே. ஞாயிறு பட்டறைக்கு விடுமுறை, நான் அங்கே வருகிறேன். கதவை மெதுவாகத்தான் தட்டுவேன். வலி இருந்தால் திறக்க வேண்டாம். கொஞ்ச நேரம் வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்.

உன் வெல்டர்