முப்பத்தெட்டு பேர்

6 மார்ச் 1989, திங்கள்

கிண்டி நூலகத்தில் அரை நாள் போனது. பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய அட்டவணைப் புத்தகம். யார் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பெயர் மட்டும் இருக்கும்; என்ன சொன்னார்கள் என்பது இருக்காது. 86-ல் வந்த என் புற்றுநோய்க் கட்டுரைக்கு முப்பத்தெட்டு! இரண்டு தரம் எண்ணினேன். எங்கள் கல்லூரியில் யாருக்கும் பத்தைத் தாண்டியதில்லை. செப்டம்பரில் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். இதற்கு மேல் என்ன கேட்டுவிடப் போகிறார்கள்?

7 மார்ச்

லேபில் எல்லோருக்கும் மைசூர்பாகு. உதவியாளர் தசரதனுக்கு மட்டும் இரண்டு. புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்று நான் எழுதிய அந்த இலையை முடிச்சூர் ஏரிக்கரையிலிருந்து பறித்து வந்தவரே அவர்தான். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லி அவர் பெயரைப் போட்டிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

"முப்பத்தெட்டு வெளிநாட்டு விஞ்ஞானிங்க உங்க இலையைப் பத்தி எழுதியிருக்காங்க" என்றேன்.

"அப்போ கேன்சருக்குக் கேக்குதுன்னு அவுங்கல்லாம் ஒத்துகினாங்களா மேடம்?"

"பின்னே?" என்றேன். பெரிய மனுஷி மாதிரி.

19 ஜூன்

தண்ணீர் லாரி வரவில்லை. சோதனைக் குழாய் கழுவக்கூட வழியில்லை. வேலை ஓடவில்லை.

21 ஆகஸ்ட்

நேர்காணலில் காட்டலாமே என்று மேற்கோள் காட்டியவர்களுக்கெல்லாம் நகல் கேட்டு எழுதியிருந்தேன். கப்பல் தபாலில் இன்று ஆறு வந்தன. நின்றபடியே பிரித்தேன்.

முதல் கட்டுரை: "எங்கள் சோதனையில் இந்த முடிவு கிடைக்கவில்லை." இரண்டாவதும் அதேதான். மூன்றாவதும். ஆறுமா? ஆறும்! ஐந்தாவது ஆள் காரணமும் எழுதியிருக்கிறான் — செல்களைக் கொன்றது இலை இல்லை, சாறு எடுக்கப் பயன்படுத்திய ஆல்கஹாலாக இருக்கலாம்.

அபத்தம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த செல்களுக்கும் அதே அளவு ஆல்கஹால் விட்டேனே.

விட்டேனா?

22 ஆகஸ்ட்

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்துதான். "ஒப்பீடு: தண்ணீர்."

வெறும் தண்ணீர்.

23 ஆகஸ்ட்

தசரதனைக் கூப்பிட்டு, இலை பறிக்க வேண்டாம், அதில் ஒன்றும் இல்லை, நான்தான் தப்பு செய்துவிட்டேன் என்றேன். அவர் போகவில்லை. கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

"ஜெயக்கொடி அதத்தான் குடிச்சிகினு கீறா மேடம்."

ஜெயக்கொடி அவர் மனைவி. மார்பில் கட்டியாம். மார்ச் பதிமூன்றாம் தேதி ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இவர் கூட்டிப் போகவில்லை.

"ஏன் தசரதன்? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பொம்பளைங்க சமாச்சாரம், எப்பிடி சொல்றதுன்னு... அதான் முப்பத்தெட்டு பேரு ஒத்துகினாங்கன்னு சொன்னீங்களே மேடம்."

அய்யோ. நான் என்ன பண்ணிட்டேன்! மைசூர்பாகு கொடுத்துச் சொன்னேனே. ஒருத்தன் எழுதினதையாவது படிச்சிருந்தேனா?

24 ஆகஸ்ட்

நானே ஆட்டோ வைத்து ஜெயக்கொடியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அம்மா பார்த்துவிட்டு, "மார்ச்ல சின்னதா இருந்ததே. அஞ்சு மாசம் என்ன பண்ணீங்க?" என்றார். தசரதன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சீட்டு வாங்கும் வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

4 செப்டம்பர்

கட்டுரை வந்த பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். நேர்காணலுக்குப் போகவில்லை. துறைத்தலைவர், "யாரும்மா உங்கள கேட்டா? இதையெல்லாம் எவன் படிக்கப் போறான்?" என்றார்.

2 பிப்ரவரி 1990

ஜெயக்கொடி போய்விட்டாள். காலை ஆறரை மணிக்கு.

18 நவம்பர் 1990, ஞாயிறு

திருத்தம் வெளிவந்துவிட்டது. ஒரே ஒரு பத்தி. புதிய அட்டவணையில் பழைய கட்டுரைக்கு இன்னும் ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

திருத்தத்தின் நகலோடு முடிச்சூரில் தசரதன் வீட்டுக்குப் போனேன். சுவரில் ஜெயக்கொடியின் படம், பக்கத்திலேயே அந்தச் சட்டம். நான் உட்காரவில்லை. தசரதன் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுலயும் என் பேரு போட்டுகீறீங்களா மேடம்?"

"இல்ல தசரதன். இதுல என் பேரு மட்டுந்தான்."

சட்டத்தை இறக்கிப் பழைய பக்கத்தை உருவி என்னிடம் கொடுத்தார். புதியதை நீட்டி, "தமிழ்ல படிங்க" என்றார். படத்தின் முன்னால் நின்று படித்தேன். "இந்தத் தவறு முழுக்க என்னுடையது" என்று முடித்தேன்.

"இன்னொரு தபா" என்றார்.

படித்தேன்.